மாமா பார்க்கிற பதினொரு இடங்கள்

அத்தியாயம் 14

புதன்கிழமை காலை சின்னப்பராஜ் வீட்டில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிட வேண்டியவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தார். பரிமாற வேண்டிய பிலோமினாள் சட்னிக் கிண்ணத்தோடு நின்றவள், நின்றபடியே இருந்தாள். மூன்று வாரமாகவே இந்த வீட்டில் சாப்பாடு இப்படித்தான் நடக்கிறது. காரணம் ஒரு ஜீப்.

அந்த ஜீப் கதையைத் தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சின்னப்பராஜ் மோட்டார் வாகன ஆய்வாளர். ஊர் வாயில் பிரேக் இன்ஸ்பெக்டர். புதன்தோறும் போளூரில் வண்டிகளைச் சோதித்து எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று கொடுப்பவர். பிலோமினாளின் தம்பி சந்தியாகப்பன் அதே ஊரில் மெக்கானிக். தை மாதம் ஒரு ஜீப்பின் பின் பிரேக் சரியில்லை என்று திருப்பி அனுப்பிய சின்னப்பராஜ், அதை எப்படிச் சரிசெய்வது என்றும் மச்சானுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவன் செய்தான். ஜீப் தேறியது. மாசி பிறந்ததும் ஜவ்வாது மலை இறக்கத்தில், ஏழாம் வளைவில், பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் விழுந்தது. உள்ளே இருந்த அம்மாக்கண்ணு என்கிற மலைக்காரப் பெண்ணுக்குக் கால் முறிந்தது. இன்னும் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறாள்.

விசாரிக்க வந்த அதிகாரியிடம் சந்தியாகப்பன் எழுதிக் கொடுத்தது இரண்டே வரி. "ஆய்வாளர் சொன்ன வேலையை மட்டும்தான் செய்தேன். வேறு எதையும் தொடவில்லை."

ஜீப்பின் முன்பக்கம் நொறுங்கிப் போயிருந்ததால் அங்கே பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. மிச்சமிருந்தது இந்த இரண்டு வரிதான். நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை, சின்னப்பராஜ் விசாரணைக்குப் போக வேண்டும். வேலை இருக்குமா, போகுமா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

"இன்னிக்கு சடையன் லாரி வருதாம்" என்றாள் பிலோமினாள்.

"வரட்டும்."

"ரெண்டு தபா திருப்பி அனுப்பிச்சிட்டீங்களாம். இன்னியோட அதுக்கு எஃப்.சி. முடியுதாம்."

"உன் தம்பி சொன்னானா?"

"சடையன் பொண்டாட்டி சொன்னா. புளி எல்லாம் ஒடச்சி மூட்டை கட்டி வச்சிக்கினு காத்துக்கினு கீறாங்க. நாளைக்கு லாரி ஓடலன்னா யாவாரி வெச்சதுதான் வெலை." பிலோமினாள் சட்னியை ஒருவழியாக ஊற்றினாள். "அதுல இன்னா கோளாறுன்னு உங்களுக்குத் தெரியும். தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா இன்னா?"

சின்னப்பராஜ் இட்லியைப் பிட்டார். "கோளாறு இருக்குதுன்னு எழுதறது என் வேலை. சரி பண்றது அவன் வேலை. அப்பிடித்தான் மேலிடத்துல இருந்து தாக்கீதே வந்திருக்குது."

"தெரிஞ்சிக்கினே சொல்லாம இருக்கறது யார் வேலை?"

"இத பாரு. நான் சொல்லுவேன், அவன் செய்வான். அப்பால நானே போய் சரியா செஞ்சிருக்கானான்னு பார்ப்பேன். என் பரீட்சைக்கு நானே மார்க்கு போட்டுக்கற மாதிரி. இதை மூணு வருசமா பண்ணிக்கினு இருந்தேன். போதும்."

மூன்று வருடமாக அவர் இதை ஆசையோடு செய்துவந்தார் என்பதை அவர் சொல்லவில்லை, நாம் சொல்லிவிடலாம். மற்ற ஆய்வாளர்கள் வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள். சின்னப்பராஜ் திருப்பி அனுப்பிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, எந்த நட்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றும் சொல்வார். டிரைவர்கள் அவரை டாக்டர் என்றார்கள். அந்தப் பட்டத்தில் அவருக்குக் கொஞ்சம் மயக்கமும் இருந்தது. ஜீப் விழுந்ததில் அது தெளிந்துவிட்டது.

"என் தம்பியா இருக்கறதாலதானே இந்த முறுக்கு?" என்றாள் பிலோமினாள்.

அவர் பதில் சொல்லாமல் கை கழுவப் போனார். பதில் அதுதான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். முழுக்கத் தப்பும் இல்லை.

பத்து மணிக்கு, வண்டிச் சோதனை நடக்கிற மைதானத்தில் லாரி வந்து நின்றது. சடையனும் அவருடைய இரண்டு மைத்துனர்களும் கூட்டாக வாங்கிய பழைய வண்டி அது. மலையில் விளைகிற புளியையும் சாமையையும் யாரையும் கெஞ்சாமல் கீழே கொண்டுவர வேண்டும் என்பதற்காக வாங்கியது. சடையனே ஓட்டுவார். மூட்டைகளுக்கு மேல் எப்போதும் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து வருவார்கள். பஸ் இரண்டு வேளைதான் என்கிற மலையில் இதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை.

சின்னப்பராஜ் தானே ஏறி ஓட்டினார். சுண்ணாம்புக் கோடு வந்ததும் பிரேக்கை மிதித்தார். லாரி நின்றது. ஆனால் நேராக நிற்காமல் இடப்பக்கம் ஒரு முழம் ஒதுங்கி நின்றது. மலைப்பாதையில் அந்த ஒரு முழத்துக்கு அப்பால் தரை கிடையாது.

அவர் இறங்கி, குனிந்து, முன் சக்கரங்களின் பிரேக் டிரம்மைக் கையால் தொட்டுப் பார்த்தார். இடது பக்கம் சுட்டது. வலது பக்கம் சில்லென்று இருந்தது. வலது சக்கரம் பிரேக்கே பிடிக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

சந்தியாகப்பன் இரண்டடி தள்ளி நின்றிருந்தான். முப்பது வயது, கறுப்பு கிரீஸ் ஏறிய சட்டை. அவன் பார்வை மாமாவின் வாய் மேலேயே இருந்தது. கையைப் பார்த்திருந்தால் விடை கிடைத்திருக்கும்.

சின்னப்பராஜ் எழுதினார்: "நிறுத்தும்போது வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. தகுதியில்லை."

"இழுக்குதுன்னு எனக்கும் தெரியுது மாமா" என்றான் சந்தியாகப்பன். மூன்று வாரத்தில் அவரிடம் பேசிய முதல் பேச்சு. "எதனால இழுக்குது?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் மெக்கானிக்."

"லைனிங் மாத்திட்டேன். ரெண்டு பக்கமும் டைட் வச்சிட்டேன். பிரேக் பைப்புல இருந்த ஏரையும் எடுத்துட்டேன். இன்னும் இன்னா பண்ணணும்னு சொன்னா பண்ணிடறேன்."

"நான் சொன்னதைப் பண்ணி, அதை நீ எழுதியும் குடுத்துட்ட. இன்னும் ஒண்ணு எதுக்கு?"

சடையன் நடுவே வந்தார். ஐம்பது வயதுக்காரர், துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். "ஐயா, எங்களுக்கு உங்க குடும்ப வெவகாரம் தெரியாது. லாரி ஓடணும். அவ்ளோதான்."

"நாலரை மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். சரி பண்ணி கொண்டாந்தா மறுபடி பாக்கறேன்" என்றார் சின்னப்பராஜ். சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். வார்த்தை நாக்கு நுனி வரை வந்திருந்தது. அதை விழுங்குவது அவருக்குச் சுலபமாக இல்லை.

மதியம் ரயில்வே கேட்டுக்கு அப்பால் இருந்த தம்பியின் ஷெட்டுக்குப் பிலோமினாள் சாப்பாடு எடுத்துப் போனாள். புருஷனோடு காலையில் போட்ட சண்டைக்கு, தம்பி பக்கம் நின்று ஒரு பரிகாரம். தவக்காலம் என்பதால் சாப்பாட்டில் கருவாடு கூட இல்லை. வெறும் காராமணிக் குழம்பு.

லாரியின் முன்பக்கம் ஜாக்கியில் தூக்கி நின்றது. சந்தியாகப்பன் அடியில் படுத்திருந்தான். சடையன் பக்கத்தில் குந்தியிருந்தார். சாப்பாட்டை வைக்க இடம் தேடிய பிலோமினாள், பின்னால் இடம் இருக்கிறதா என்று பார்க்க ஷெட்டின் தகரக் கதவைச் சாத்தினாள். கதவின் உள்பக்கம் சாக்பீஸில் எழுதியிருந்தது. தலைப்பு, "மாமா பாக்கறது." கீழே பதினொரு வரி. ஹாரன், ஹேண்ட் பிரேக், ஸ்டியரிங் ஆட்டம், பின் லைனிங், இப்படியே போயிற்று. சின்னப்பராஜின் மூன்று வருட உபதேசம் ஒரு தகரக் கதவில் அடங்கிவிட்டது.

"இது இன்னாடா?"

சந்தியாகப்பன் தலையை மட்டும் வெளியே நீட்டினான். "மாமா சொல்லச் சொல்ல எழுதி வச்சிக்கினேன். எஃப்.சி. வண்டின்னா இந்தப் பதினொண்ணும் பாத்துடுவேன். தேறிடும்."

"இதுல இல்லாதது கெட்டுப்போயிருந்தா?"

"அதை மாமா கேட்டதில்லக்கா."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். பிலோமினாளுக்குச் சாதாரணமாக இல்லை. கெட்டிக்காரத் தம்பி என்று சந்தவாசல் சொந்தக்காரர்களிடம் அவள் பேசிய பெருமையெல்லாம் இந்தக் கதவைப் பற்றித்தானா என்று நினைத்தாள்.

"ஏங்க, மலையில ஓட்டறப்பவும் இப்பிடித்தான் இழுக்குதா?" என்று சடையனைக் கேட்டாள். ஏதாவது பேச வேண்டும் என்று கேட்டதுதான்.

"மலையில இழுக்காதும்மா. அங்கதான் முன் பிரேக்கே இருக்காதே."

"இருக்காதுன்னா?"

"தளர்த்தி உட்டுருவோம். முன் சக்கரம் கவ்விக்கினா வளைவுல வண்டி திரும்பாது, நேரா பள்ளத்துக்குப் போய்டும். எங்க பக்கம் அல்லாரும் அப்பிடித்தான். பின் பிரேக்கு போதும். எஃப்.சி.க்கு வர்றப்ப தம்பி டைட் வச்சிக் குடுப்பாரு. முடிஞ்சதும் தளர்த்திக் குடுப்பாரு."

பிலோமினாள் இன்ஸ்பெக்டருக்கு வாழ்க்கைப்பட்டு பதினாறு வருடம் ஆகிறது. பிரேக்கைப் பற்றி எந்த மெக்கானிக்கும் விரும்புவதைவிட அதிகமாகவே அவள் காதில் விழுந்திருக்கிறது. நாலு சக்கரம் சுமக்க வேண்டியதை ரெண்டு சக்கரம் சுமந்தால் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும் என்று தெரியும்.

அவள் கேட்டாள்: "வருசம் பூரா தளர்ந்து கெடந்தா அது துருப்புடிச்சிக்காதா? நம்ம வூட்டு அடி பம்பு ஒரு மாசம் அடிக்காம உட்டாலே புடிச்சிக்குது."

லாரிக்கு அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது, இந்த முறை வலது சக்கரத்துப் பக்கம். கால் மணி நேரத்தில் சந்தியாகப்பன் வலது பிரேக் சிலிண்டரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். உள்ளே பிஸ்டன் செந்துருவில் இறுகி, சுத்தியலால் தட்டியும் அசையவில்லை.

"இதுதான்க்கா" என்றான். முகம் மலர்ந்திருந்தது. யாரும் சொல்லாமல் அவன் கண்டுபிடித்த முதல் கோளாறு அது. முக்கால்வாசி அக்காவுடையது என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

அவள் முகம் மலரவில்லை. சடையன் தண்ணீர் குடிக்கப் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"அந்த ஜீப்பையும் தளர்த்தினியா?"

சந்தியாகப்பன் கழிவுத் துணியால் கையைத் துடைத்தான். துடைத்த கையையே திரும்பத் துடைத்தான். "எஃப்.சி. வாங்கின அன்னிக்கு சாயந்தரம். டிரைவர் கேட்டான்."

"வேற எதையும் தொடலன்னு எழுதிக் குடுத்தியே."

"பயந்துட்டேன்க்கா. அந்தப் பொம்பளைக்கு கால் போனதுக்கு என்னைப் புடிச்சி உள்ள வெச்சிட்டா? ஷெட்டு போய்டும். மாமா கவர்மெண்டு ஆளு. அவருக்கு ஒரு மெமோ குடுத்து உட்டுருவாங்கன்னு நெனச்சேன்."

"வேலையே போவப்போவுது."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் சொல்லாதக்கா. அப்பால பாத்துக்கலாம்."

பிலோமினாள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தெரிந்துகொண்டே சொல்லாமல் இருப்பது யார் வேலை என்று காலையில்தான் புருஷனைக் கேட்டிருந்தாள். மத்தியானத்துக்குள் அந்த வேலை தனக்கே வந்து சேரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. ஷெட்டில் அழ வேண்டாம் என்று தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். குழம்பு அப்படியே இருந்தது.

நாலேகாலுக்கு லாரி திரும்ப வந்தது. சின்னப்பராஜ் ஓட்டி, கோட்டில் மிதித்தார். நேராக நின்றது. இன்னும் இரண்டு முறை வேகத்தைக் கூட்டிப் பார்த்தார். இரண்டு முறையும் நேராகவே நின்றது. இறங்கி டிரம்களைத் தொட்டார். இரண்டும் ஒரே சூடு.

"நீயே கண்டுபிடிச்சியா?" என்று மச்சானைக் கேட்டார்.

"வலது சிலிண்டர் புடிச்சிக்கினு இருந்திச்சி மாமா. புதுசு போட்டேன்."

சின்னப்பராஜின் முகத்தில் மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம் தெரிந்தது. சொல்லாமல் இருந்ததே இவனுக்கு நல்லதாகப் போயிற்று என்று அவர் மனம் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஜீப் விஷயத்தைக்கூட அந்த நிமிடம் மன்னித்திருப்பார். மேசைக்குப் போய், சான்றைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றினார்.

மேசைக்கு எதிரே பிலோமினாள் வந்து நின்றாள். கேம்ப் நடக்கிற இடத்துக்கு அவள் வந்ததே இல்லை.

"சடையன்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு அப்பால கையெழுத்து போடுங்க" என்றாள்.

"இன்னா கேக்கணும்?"

"மலை ஏறும்போது முன் பிரேக்கை இன்னா பண்ணுவாருன்னு."

சந்தியாகப்பன் "அக்கா" என்றான். அவள் திரும்பவில்லை.

சடையனுக்கு மறைக்க ஒன்றும் இருந்ததாகவே தெரியாது. ஷெட்டில் சொன்னதை அப்படியே திரும்பச் சொன்னார். தளர்த்துவது, டைட் வைப்பது, எல்லாரும் செய்வது. "அடிவாரத்துல நிறுத்தி நானே தளர்த்திக்குவேனுங்க. தம்பிக்கு நேரம் இருந்தா இங்கயே பண்ணிக் குடுக்கட்டும்" என்று முடித்தார்.

சின்னப்பராஜ் பேனாவை மூடினார். மச்சானைப் பார்த்தார்.

"ஜீப்பும்?"

சந்தியாகப்பன் தலையாட்டினான்.

அம்மாக்கண்ணுவின் காலை முறித்தது தன் வாய்தான் என்று மூன்று வாரம் தூங்காமல் கிடந்தவர் அவர். அதனால் முதலில் வந்தது நிம்மதி. அதன் பின்னால் கோபம் வந்தது. அடித்துவிடுவாரோ என்று பிலோமினாள் பயந்தாள். கடைசியாக வந்தது வெட்கம். மூன்று வருடத்தில் எத்தனை மலை வண்டிகளுக்கு எஃப்.சி. கொடுத்தார்? வருடத்தின் மற்ற நாளெல்லாம் வண்டி எப்படி ஓடுகிறது என்று ஒரு டிரைவரையும் அவர் கேட்டதில்லை. தான் சொன்ன இடங்களையே போய்ப் பார்த்து, தான் சொன்னபடியே இருப்பதைக் கண்டு திருப்திப்பட்டிருக்கிறார்.

சடையன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "எஃப்.சி. கெடையாதுங்களா ஐயா?"

சின்னப்பராஜ் சான்றை மறுபடி பிரித்துக் கையெழுத்துப் போட்டார்.

"லாரி இப்ப சரியா இருக்குது. நாளைக்கு நீங்க பண்ணப்போறதுக்கு இன்னிக்கு நான் ஃபெயில் போட முடியாது." முத்திரையைக் குத்தி, மை காய ஊதி, சடையன் கையில் கொடுத்தார். பிறகு பைலைக் கட்டி, பேனாவைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு எழுந்தார். "ஆபீஸ் வேலை முடிஞ்சிது. இனிமே நான் சொல்றது இன்ஸ்பெக்டர் பேச்சில்ல. அந்தப் பக்கம் ஏறி உக்காருங்க. வண்டியை நான் ஓட்டறேன்."

"எங்கங்க?"

"ஏழாம் வளைவு வரைக்கும். போய்ட்டு எறங்குவோம். முன் பிரேக்கு இருக்கறப்ப வண்டி வளைவுல திரும்புதா இல்லியான்னு நீங்களே பாருங்க."

"கவ்விக்கிச்சின்னா?"

"கவ்விக்கினா நானும் உள்ளதானே இருப்பேன்."

சடையன் கொஞ்சம் யோசித்தார். மலைக்காரர்கள் பேச்சை நம்புவதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளை நம்புவார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். சின்னப்பராஜ் பிலோமினாளிடம், "ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவேன்" என்றார். மூன்று வாரத்தில் அவர் சாப்பாட்டைப் பற்றி வாயைத் திறந்தது இதுதான் முதல். மச்சானிடம் ஒன்றும் சொல்லவில்லை.

லாரி மலைப் பக்கம் திரும்பிப் போயிற்று.

மைதானத்தில் அக்காவும் தம்பியும் மிஞ்சினார்கள். சந்தியாகப்பன் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே நின்றிருந்தான். திட்டுவாள் என்று எதிர்பார்த்திருப்பான். அவள் திட்டவில்லை, அதனால் இன்னும் பயந்தான்.

"மாமா ஒரு வார்த்தை பேசலியேக்கா."

"பேச இன்னா இருக்குது?"

"வெள்ளிக்கிழமை என்னையும் கூப்புட்டு கீறாங்க. பழையபடியே சொன்னா மாமாவுக்கு வேலை போய்டும். மாத்திச் சொன்னா எனக்கு எல்லாம் போய்டும்." அவன் குரல் இறங்கிவிட்டது. முப்பது வயது ஆண், இரண்டு குழந்தைக்கு அப்பன். "நான் இன்னா சொல்லணும்னு நீ சொல்லிக்குடுக்கா. அப்பிடியே சொல்லிடறேன்."

பிலோமினாள் அவனைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. சொல்லிக்கொடுக்க வார்த்தையும் அவளிடம் இருந்தது.

"சொல்லிக்குடுத்தா, அக்கா சொன்னதைத்தான் சொன்னேன்னு அதையும் எழுதிக் குடுத்துடுவ" என்றாள்.

சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அவன் பின்னால் வரவில்லை.